திருக்குளத்தில் ஒதுங்கிய கூர்மம்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேசுவரரும் கார்த்திகைத் தீபமும் மனத்தில் எழுவதே இயல்பு. விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் அப்படியன்று. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ புரட்டாசி மாதத்தில் ஒருவர் “சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போகிறேன்” என்றால், அவர் வடக்கே ரயிலேறப் போகிறார் என்று எவரும் எண்ணுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துச் சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறு குன்றின்மேல் நின்றருளும் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கப் போகிறார் என்பதே பொருள். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு அங்குப் போக இயலாதவர்கள் அந்த நேர்த்திக்கடனை இந்தக் குன்றிலேயே செலுத்திவிடுவது வழக்கம். இதைத் தென்திருப்பதி என்று அழைப்பதும் அதனால்தான். அடிவாரத்தில் கோனேரி தீர்த்தம். முடியிறக்கி, நீராடி, படியேறிப் பெருமாளைக் கண்டு இறங்கினால் மேற்கே மலைத்தொடரும் கிழக்கே வயலும் கண்மாயுமாகப் பரந்த வெளி.

ஆண்டாளின் ஊரில் திருமுக்குளம், இங்கே கோனேரி. நம் கோயில்களில் தீர்த்தம் இல்லாத தலம் அரிது. மூர்த்தியையும் தலத்தையும் பற்றிப் பேசும் அளவுக்குத் தீர்த்தத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. தீர்த்தத்தில் வாழும் உயிர்களைப் பற்றியோ சுத்தமாகப் பேசுவதில்லை. மீனுக்குப் பொரி போடுவதோடு அந்த உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் பெருமாளின் பத்து அவதாரங்களில் முதல் இரண்டும் நீரில் நிகழ்ந்தவை. இரண்டாவதாக அவர் எடுத்த வடிவத்தை உடைய பிராணி இன்று இந்தியா முழுவதும் அருகி வருகிறது. அதில் ஓர் இனம் முற்றாக அழிந்துவிட்டதாகவே உலகம் முடிவு கட்டியிருந்தது. அந்த இனத்துக்கு அடைக்கலம் தந்த இடங்களில் ஒன்று பெருமாள் கோயிலின் திருக்குளம் என்பது தமிழ்நாட்டு வைணவ அன்பர்கள் பலரும் அறியாத செய்தி.

அந்தக் கோயில் அசாம் மாநிலத்தில், ஹாஜோ என்னும் சிற்றூரில் இருக்கிறது. கவுஹாத்தியிலிருந்து பிரம்மபுத்திரையைக் கடந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மணிகூடம் என்ற குன்றின்மேல் ஹயக்ரீவ மாதவர் எழுந்தருளியிருக்கிறார். கல்விக்குரிய தெய்வமாக ஹயக்ரீவரை நாம் திருவஹீந்திரபுரத்து ஔஷதகிரியில் சேவித்திருப்போம். பேரப்பிள்ளைகளின் தேர்வுக்கு முன்பு அவர்களை அங்கே அழைத்துப் போகாத தாத்தா பாட்டி குறைவு. அதே திருநாமத்துடன், நாட்டின் வடகிழக்கு மூலையில், அதே போன்றதொரு குன்றின்மேல் அவரைக் காண்பது வியப்பும் நிறைவும் தருவது. முன்பிருந்த கோயில் படையெடுப்பில் சிதைந்த பின், கோச் வம்சத்து அரசர் ரகுதேவ நாராயணர் 1583ஆம் ஆண்டு இப்போதுள்ள கோயிலை எழுப்பினார். அடித்தளத்தைச் சுற்றிலும் கல் யானைகள் வரிசையாக நின்று கோயிலைத் தாங்குவதுபோல் செதுக்கப்பட்டிருக்கின்றன. பூரி ஜகந்நாதரை ஒத்த திருமேனி என்று ஊரார் சொல்வார்கள். பூடான் நாட்டுப் பௌத்தர்களும் இத்தலத்தைப் புனிதமாகக் கருதி வருகிறார்கள். அருகிலேயே முஸ்லிம்கள் போற்றும் போவா மக்காவும் உண்டு. மூன்று சமயத்தாரும் வந்து போகும் ஊர்.

குன்றின் அடிவாரத்தில் மாதவ புகுரி என்ற பெரிய குளம். புகுரி என்றால் அசாமிய மொழியில் குளம். படியில் நின்று பார்த்தால் நீருக்குள்ளிருந்து நீண்ட குழல் போன்ற மூக்கு ஒன்று மேலே வரும். பிறகு கன்னங்கரிய தலை. முதுகில் நாம் எதிர்பார்க்கும் கட்டம் கட்டமான ஓடு இராது. பதப்படுத்திய தோல் போல வழவழப்பான, தட்டையான முதுகு. முதிர்ந்தவை இரண்டடிக்கும் மேல் நீளம் இருக்கும். கருப்பு மென்னோட்டாமை என்று இதைச் சொல்லலாம். விலங்கியலில் இதன் பெயர் நில்சோனியா நிக்ரிகன்ஸ். மீனவர் வலையோ, சந்தைக் கத்தியோ இந்தக் குளத்தை அணுகியதில்லை. கூர்மாவதாரம் என்றே ஊரார் இவற்றை வணங்குகிறார்கள்.

இந்த ஆமை நூலில் ஏறிய கதை விந்தையானது. 1875ஆம் ஆண்டு ஜான் ஆண்டர்சன் என்ற விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்தார். அவர் அதைக் கண்டது ஆற்றிலன்று. இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங் நகரில், பாயஜித் பொஸ்தாமி என்ற சூஃபி மகானின் பெயரால் அமைந்த தர்காவின் குளத்தில். மகானால் சபிக்கப்பட்ட துர்த்தேவதைகளே ஆமைகளாகி அங்கே கிடக்கின்றன என்பது அவ்விடத்து ஐதிகம். சாபம் பெற்றவை என்றாலும் அவற்றை யாரும் துன்புறுத்துவதில்லை. வருகிறவர்கள் ரொட்டியும் வாழைப்பழமும் ஊட்டுகிறார்கள். உலகில் இந்த இனம் அந்த ஒரு குளத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று நூறாண்டுக்கும் மேலாக நம்பப்பட்டது. உயிரினங்களின் நிலையைக் கணித்து வெளியிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2002ஆம் ஆண்டு இதை ‘இயற்கையில் அற்றுப்போன இனம்’ என்று அறிவித்தது. மனிதர் காவலில் உண்டு, இயற்கை வாழிடத்தில் இல்லை என்பது அதன் பொருள். அந்தக் குளத்துக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் இனமே முடிந்தது. 2004இல் அந்தக் குளத்தில் யாரோ நஞ்சைக் கலந்த செய்தி வந்தபோது விலங்கியலாளர்கள் பதறியதற்குக் காரணம் அதுவே.

இத்தனைக்கும் அசாமிலும் வடவங்கத்திலும் கோயிலுக்குப் போகும் பாட்டிமார்கள் அதே ஆமைக்கு நாள்தோறும் உணவிட்டுக்கொண்டிருந்தார்கள். அது அரிய இனம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது அவர்கள் கோயில் குளத்தில் இருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியாது. 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு இரண்டையும் ஒன்றுசேர்த்தது. கவுஹாத்தி காமாக்யா கோயில் குளத்து ஆமையும் சிட்டகாங் ஆமையும் ஒரே இனம் என்று அது நிறுவியது. பிரம்மபுத்திரையின் வடபுறத்துக் கிளையாறான ஜியா பராலியில் இயற்கையாகவே சில வாழ்வதும் தெரியவந்தது. பிறகு ஹாஜோ, கவுஹாத்தி உக்ரதாரா கோயில், நாகசங்கர் கோயில் என்று ஒவ்வொரு குளமாகக் கணக்கில் வந்தது. 2021இல் இதன் நிலை ‘மிக அபாயமான அழிநிலை’ என்று மாற்றப்பட்டது. கேட்பதற்கு நல்ல செய்தியாகத் தோன்றாவிட்டாலும், ‘அற்றுப்போனது’ என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏறியது என்பதால் அது நல்ல செய்தியே.

காப்பாற்றிய குளமே இப்போது கவலைக்கும் இடமாகிவிட்டது. அது எப்படி என்பதைச் சொல்ல, நம் ஆசாரியர்கள் எடுத்தாளும் ஓர் உவமையிலிருந்து தொடங்கலாம். குரு சீடனுக்கு அருளும் தீட்சை மூவகை என்பார்கள். பறவை தன் முட்டையைத் தொட்டு அடைகாப்பதுபோல் ஸ்பரிச தீட்சை. மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிப்பதுபோல் நயன தீட்சை. ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டு நீருக்குள் சென்று, அங்கிருந்தே நினைத்து நினைத்துப் பொரிப்பதுபோல் மானச தீட்சை. உவமை சொன்னவர்கள் ஆமையைக் கூர்ந்து கவனித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆமை உண்மையிலேயே கரையேறி, மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும், அடைகாக்காது. மண்ணின் வெப்பமே முட்டையைப் பொரிக்கிறது. தாயின் நினைவு எத்தனை வலியதாயினும் அதற்குக் கரையில் கொஞ்சம் மண் வேண்டும்.

அந்த மண்தான் இல்லாமற்போகிறது. திருப்பணி என்றால் குளத்தைச் சுற்றிச் சிமெண்டுக் கரை, கம்பி வேலி, ஓடு பதித்த நடைபாதை என்பதே இன்று எங்கும் வழக்கம். பக்தர்கள் வழுக்கி விழாமல் இருக்கவும் கரை சரியாமல் இருக்கவும் நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதே அது. ஆனால் முட்டையிட வரும் ஆமை செங்குத்துச் சுவரில் முட்டித் திரும்புகிறது. முட்டையை நீரிலேயே உதிர்த்துவிட்டால் அது அழுகிப் போகும். திரிபுரா மாநிலத்து உதய்ப்பூரில் திரிபுரசுந்தரி கோயில் இருக்கிறது. 1501ஆம் ஆண்டு தன்ய மாணிக்ய மன்னர் கட்டியது. கோயில் அமைந்த மேடு ஆமை முதுகு போன்றது என்பதால் அதைக் கூர்ம பீடம் என்றே வழங்குவார்கள். கோயிலுக்குப் பின்னால் கல்யாண சாகரம் என்ற ஏரி; அதில் ஆமைகள். அந்தக் கூர்ம பீடத்திலேயே கரைக்குச் சிமெண்டு பூசியபோது ஆமைகளுக்கு முட்டையிட இடமின்றிப் போனது. கட்டடக் கணக்கில் அது வளர்ச்சி, ஆமைக்கோ குடியிழப்பு. ஆமை நெடுங்காலம் வாழும் பிராணி என்பதால் இந்த இழப்பு உடனே கண்ணில் படாது. பெரிய ஆமைகள் இருபது முப்பது ஆண்டுகள் அப்படியே தலைகாட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு ஒன்றுகூட இராது. வட்டி நின்றுபோன பிறகும் முதல் கணக்கில் தெரிவதைப் பார்த்து ஆறுதல் கொள்வது போன்றது இது.

ஹாஜோவில் இதற்கொரு வழி கண்டார்கள். கோயில் ஊழியர்கள் கரையில் ஆமை முட்டையிட்ட இடத்தைக் கவனித்து, முட்டைகளைப் பக்குவமாக எடுத்து மணலில் புதைத்துக் காக்கிறார்கள். தன்னார்வ அமைப்புகளும் அசாம் மாநில உயிரியல் பூங்காவும் இதில் கைகோத்தன. பொரிந்த குஞ்சுகள் சில காலம் வளர்க்கப்பட்டு, கவுஹாத்திக்குக் கிழக்கே காண்டாமிருகங்கள் வாழும் போபிதோரா சரணாலயத்தின் நீர்நிலைகளில் விடப்படுகின்றன. கோயில் குளத்தில் பிறந்தவை பிரம்மபுத்திரையின் வெள்ளச் சமவெளிக்கு, தம் முன்னோர் இருந்த இடத்துக்கே திரும்புகின்றன. முட்டை எந்தப் பக்கம் மேலாக மண்ணில் கிடந்ததோ அதே பக்கம் மேலாக இருக்கும்படி எடுத்து வைக்க வேண்டுமாம். புரண்டுவிட்டால் உள்ளிருக்கும் கரு மடிந்துவிடக்கூடும். சாளக்கிராமத்தை எடுத்து வைக்கும் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை அது.

மேற்கு வங்கத்துக் கூச்பிஹாருக்கு அருகே பாணேசுவரர் என்ற சிவன் கோயிலும் இந்த ஆமைகளுக்குப் புகலிடம். சிவ தீகி என்ற குளத்து ஆமைகளுக்கு ஊரார் இட்டிருக்கும் பெயர் மோகன். சிவன் கோயில் குளத்தில் கூர்மம். அதற்குக் கண்ணன் பெயர்! மோகன்கள் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டு இறந்தன. அடுத்தடுத்து இப்படி நடக்கவே ஊர் மக்கள் கடையடைப்பு நடத்தி நியாயம் கேட்டார்கள். ஆமைக்காகக் கடையடைப்பு நடந்த ஊர் நாட்டில் வேறு உண்டா என்பது ஐயமே.

பக்தியே தீங்காகும் இடமும் உண்டு. ரொட்டி, பிஸ்கட், பொரி ஆகியவை ஆமைக்கு இயல்பான உணவல்ல. மென்னோட்டாமை மீன், நத்தை, செத்த உயிர், பாசி என்று தின்று குளத்தைச் சுத்தமாக வைப்பது. அதற்கு மாவுப்பண்டம் நாள்தோறும் போட்டால் உடல் பருக்குமே தவிர வலுப்பெறாது. தின்னாமல் விட்டவை நீரில் ஊறிப் புளித்து மீனையும் மூச்சுத்திணற வைக்கும். பொரியோடு அது வந்த பிளாஸ்டிக் உறையும் குளத்தில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொரு வழக்கம், நகரங்களில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அமெரிக்க ஆமையைக் கோயில் குளத்தில் கொண்டுவிடுவது. கண்ணருகே சிவப்புக் கோடுள்ள அந்த ஆமை கைக்குழந்தையின் உள்ளங்கை அளவில் விற்கப்படும்; வளர்ந்து தட்டு அளவானதும் புண்ணியம் என்று சொல்லிக் குளத்தில் சேர்க்கப்படும். அது நம் ஊர் ஆமையின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். இதைப் புண்ணியக் கணக்கில் எழுதுவதற்கில்லை.

நம் பக்கத்து ஆமைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் குளங்களிலும் கண்மாய்களிலும் காண்பது பெரும்பாலும் பாலாமை. இதுவும் மென்னோட்டு இனமே. இதற்கொரு தனிச்சிறப்பு உண்டு. அடியோட்டின் முன்பகுதி மடங்கித் தலையையும் முன்கால்களையும் மூடிக்கொள்ளும். பின்கால்களை உள்ளிழுத்ததும் இரண்டு தோல்மடல்கள் கதவுபோல் வந்து மூடும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் புலன்களை அடக்கியவனுக்கு, உறுப்புகளை உள்ளிழுக்கும் ஆமையை உவமை சொல்கிறான் கண்ணன். வள்ளுவரும் அடக்கத்துக்கு அதையே எடுத்தாண்டார். கடலாமையால் தலையையோ கால்களையோ அப்படி உள்ளிழுக்க இயலாது. ஆகவே அந்த உவமையின் ஆமை கடலில் இருப்பதன்று. ஊர்க் குளத்தில் கிடந்த ஏதோ ஒன்றே. கோடையில் கண்மாய் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உறங்கும். மழை பெய்ததும் எழுந்து வரும். நீரற்ற நாளை நோற்றுக் கழிக்கும் இந்த உயிருக்கு வானம் பார்த்த பூமியான நம் மாவட்டம் பொருத்தமான இடமே.

ஆனால் மக்கள் பேச்சில் அதற்கு நல்ல பெயர் இல்லை. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பார்கள். கல்லாமை, பொறாமை, இயலாமை முதலிய ஆமைகளைத்தான் பழமொழி சொல்கிறது என்று பெரியவர்கள் சிலர் விளக்கம் சொல்லி உயிருள்ள ஆமையை விடுவிக்கப் பார்ப்பதுண்டு. ஜப்தி செய்ய வரும் அமீனாவோடு அதைச் சேர்த்துப் பேசியது பெரிய அநியாயம். வேடிக்கை என்னவென்றால், அதே வீடுகளில் இப்போது வாஸ்து என்ற பெயரில் பித்தளை ஆமை வந்து அமர்ந்துவிட்டது. பித்தளையோடு நின்றால் குற்றமில்லை. செல்வம் பெருகும் என்று உயிருள்ள ஆமையை விலைக்கு வாங்குவோரும் உண்டு. மூலநோய்க்கு மருந்து என்று அதைத் தின்போரும் உண்டு. கண்மாய்களில் மீன்பாசி ஏலம் எடுத்தவர்களின் வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மடிவதும் உண்டு. ஆமை மீனைப்போல் நீருக்குள் சுவாசிப்பதன்று.

வடநாட்டில் இந்தப் பாலாமைக்கு நேர்வது இன்னும் கொடியது. 2017 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்து அமேதி மாவட்டத்தில் காவல்துறையின் தனிப்படை ஒரே இடத்தில் 6,430 ஆமைகளை மீட்டது. இறைச்சிக்கும், ஓட்டின் ஓரத்துச் சவ்வைக் காய்ச்சிச் செய்யும் மருந்துச் சரக்குக்குமாக இவை எல்லை கடக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம் பாலாமைக்கும் உண்டு. பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஏழாண்டு வரையும் நீளலாம். வாஸ்துவுக்காக வாங்கிய ஆமையால் உண்மையிலேயே அமீனா வீட்டுக்கு வரக்கூடும்.

தென்னாட்டு ஆறுகளுக்கே உரிய மற்றொரு மென்னோட்டாமையும் உண்டு. லீத் ஆமை என்று பெயர். கிருஷ்ணா, காவிரி, பவானி, மோயாறு என்று பெரிய ஆறுகளில் வாழ்வது. அணைகளாலும் மணல் அள்ளுவதாலும் வேட்டையாலும் குறைந்து, இதுவும் இன்று ‘மிக அபாயமான அழிநிலை’ப் பட்டியலில் இருக்கிறது. 2022இல் பனாமா நாட்டில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் இந்தியாவின் வேண்டுகோளை ஏற்று இதன் வணிகம் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. ஆற்று மணல் போனால் ஆமைக்கு முட்டையிடும் இடம் போகிறது. குளத்துக்குச் சிமெண்டு எப்படியோ, ஆற்றுக்கு மணல் லாரி அப்படி.

காசியில் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். கங்கையில் விடப்படும், பாதி எரிந்த உடல்களைத் தின்று ஆற்றைத் தூய்மை செய்ய, கங்கைத் தூய்மைத் திட்டத்தின் கீழ் மென்னோட்டாமைக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வளர்த்து விடப்பட்டன. ராம்நகர்க் கோட்டைக்கும் மாளவியா பாலத்துக்கும் இடைப்பட்ட ஏழு கிலோமீட்டர் 1989இல் ஆமைச் சரணாலயமானது. கோயில்களில் கங்காதேவிக்கு மகரமும் யமுனாதேவிக்கு ஆமையும் வாகனம் என்று சிற்பிகள் வகுத்தது நினைவுக்கு வருகிறது. படகுப் போக்குவரத்துக்கும் பிற திட்டங்களுக்கும் இடையூறு என்பதால் 2020இல் அந்தச் சரணாலயம் அங்கிருந்து நீக்கப்பட்டது. மணிகர்ணிகையில் நீராடி வந்தவர்களில் அப்படியொரு சரணாலயம் முன்பு இருந்தது என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தெரியும் மலைகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அந்த மலைத்தொடரின் கேரளப் பகுதியில் ஓர் ஆமையின் வரலாறு தமிழ்ப் பெண் ஒருவருடன் சேர்ந்தது. கொச்சிச் சமஸ்தானத்துக் காட்டில் கிடைத்த பிரம்பு ஆமை 1912இல் நூலில் ஏறியது. பிறகு எழுபது ஆண்டுகள் அதை ஆராய்ச்சியாளர் எவரும் காணவில்லை. சென்னை முதலைப் பண்ணையில் பணியாற்றிய ஜே. விஜயா 1982இல் அந்தக் காட்டில் தங்கிக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஊர்வன ஆராய்ந்த முதல் பெண்மணி அவர், இளவயதிலேயே மறைந்தார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு விஜயாசெலிஸ் என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் விடியற்காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. வெயில் ஏறினால் படிக்கல் சுடும், கூட்டமும் மிகும். ஹாஜோ செல்ல விரும்புவோர் காமாக்யா தரிசனத்துக்காகக் கவுஹாத்தி போகும்போது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கினால் போதும். சராய்காட் பாலம் வழியாகப் பேருந்தும் வாடகை வண்டியும் கிடைக்கும். பிரம்மபுத்திரை வெள்ளமாகும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களைத் தவிர்த்து ஐப்பசிக்குப் பிறகு செல்வது உசிதம். மணிகூடத்துக்குக் கற்படிகள் உண்டு; முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறலாம். இறங்கி வந்ததும் மாதவ புகுரியின் படித்துறையில் சற்றே அமர்ந்திருந்தால் கருப்புத் தலை மேலே வருவதைக் காணலாம். எதையும் எறிய வேண்டாம். கரையில் மண்ணாக விட்டிருக்கும் பகுதியில் கால் வைக்காமல், படிவழியே போய்ப் படிவழியே திரும்பிவிடலாம்.